பூங்காவில் வளர்ப்பு நாயை அவிழ்த்துவிடுகிறார்களா? புகார் நாய் மீது அல்ல, வளர்ப்பவர் மீது

"ஒன்றும் செய்யாது, குழந்தையைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்." சங்கிலியைக் கையில் சுருட்டி வைத்துக்கொண்டு நாயை ஊஞ்சல் பக்கம் ஓடவிடுபவர்கள் வழக்கமாகச் சொல்வது இதைத்தான். 2024 மே மாதம் சென்னை ஆயிரம்விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் இரண்டு ராட்வெய்லர் நாய்கள் 5 வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. அவள் அந்தப் பூங்காக் காவலாளியின் மகள். அதன் பிறகு மாநகராட்சி விதிகளை இறுக்கியது. ஆனால் அந்த விதிகளை நம்பிப் புகார் கொடுக்கப் போகும் பெற்றோர் இன்னும் மேசைக்கு மேசை அலைகிறார்கள்.

விதி இவ்வளவுதான். சென்னை மாநகராட்சி எல்லைக்குள் நாய் வளர்க்க உரிமம் கட்டாயம். அதற்கு வெறிநோய்த் தடுப்பூசிச் சான்று வேண்டும். பொது இடத்துக்கு வரும் நாய் சங்கிலியில் இருக்க வேண்டும். ராட்வெய்லர், பிட்புல் வகைகளுக்கு வாய்மூடியும் வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய், சங்கிலி இல்லாவிட்டால் 500 ரூபாய் அபராதம் என்று 2025இல் அறிவித்தார்கள். இவற்றைவிட வலுவானது நாடு முழுவதற்கும் பொதுவான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு. தன் பொறுப்பில் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ நேராதபடி போதிய ஏற்பாடு செய்யத் தவறியவருக்கு 6 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இதுவே 289ஆம் பிரிவு.

முதல் சறுக்கல் மாநகராட்சியின் புகார் எண்ணான 1913க்கு அழைக்கும்போதே நேர்கிறது. "பூங்காவில் நாய்த் தொல்லை" என்று சொன்னால் அது தெருநாய்ப் புகாராகப் பதிவாகும். நாய் பிடிக்கும் வண்டி வரும். "இது வளர்ப்பு நாய், நாங்கள் பிடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டுப் போகும். புகார் முடிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தியும் வந்துவிடும். ஆகவே முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்: இன்ன தெருவில் வசிக்கும் இன்னார் தன் வளர்ப்பு நாயை மாநகராட்சிப் பூங்காவில் சங்கிலியின்றி விடுகிறார், உரிமத்தைச் சரிபார்த்து அபராதம் விதிக்க வேண்டும். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வாசகத்தை எழுத்தில் மண்டல அலுவலகத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். பூங்காத் துறை கால்நடைப் பிரிவைக் கைகாட்டும், கால்நடைப் பிரிவு காவல் நிலையத்தைக் கைகாட்டும். முத்திரையிட்ட நகல் கையில் இருப்பவரை அப்படி எளிதில் திருப்பி அனுப்ப முடியாது.

நாய் வளர்ப்பவர் உரிமத்தையும் தடுப்பூசிச் சான்றையும் எடுத்து நீட்டுவார். அதைப் பார்த்ததும் அதிகாரியும் "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்பார். உரிமம் என்பது நாயை வளர்க்க மட்டுமே. குழந்தைகள் விளையாடும் இடத்தில் அதை அவிழ்த்துவிட எந்த உரிமமும் அனுமதி தரவில்லை. இதை அந்த இடத்திலேயே சொல்லுங்கள்.

அடுத்தது காவல் நிலையம். "கடிக்கவில்லையே, கடித்தால் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். இது தவறு. 291ஆம் பிரிவு கடித்த பிறகு மட்டும் பாயும் சட்டம் அல்ல. ஆபத்து நேரக்கூடும் என்ற நிலையே போதும். ஆனால் அந்த நிலையைப் புகாரில் காட்ட வேண்டியது நீங்கள்தான். "பயமாக இருக்கிறது" என்று எழுதினால் எடுபடாது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எத்தனை குழந்தைகள் இருந்தார்கள், நாய் யாரைத் துரத்தியது, யார் விழுந்தார், யார் பார்த்தார் என்று எழுதுங்கள். நாயும் அதை அவிழ்த்தவரும் ஒரே காட்சியில் தெரியும்படி வீடியோ எடுங்கள். நாய் மட்டும் தெரியும் வீடியோவைக் காட்டினால், "அது என் நாயே இல்லை" என்று சொல்லிவிடுவார்கள். வீட்டு வேலையாள்தான் நாயை அழைத்து வருகிறார் என்றால் இருவரையுமே குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் மாதச் சம்பளத்துக்கு வந்த அந்தப் பையன் தலையில் எல்லாவற்றையும் கட்டிவிட்டு முதலாளி நழுவிவிடுவார்.

காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை வாங்கியதும் வழக்கு பதிந்துவிட்டதாக நினைத்துத் திரும்பியவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது புகார் வந்ததற்கான ஒப்புகை மட்டுமே. 291 கைது செய்யத்தக்க குற்றப் பிரிவு என்பதால் முதல் தகவல் அறிக்கை போட வேண்டும். அதன் நகலைக் கட்டணமின்றித் தர வேண்டும். நிலையத்தில் மறுத்தால் புகாரைக் காவல் கண்காணிப்பாளருக்கு, மாநகரம் என்றால் துணை ஆணையருக்கு, பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் மனு செய்யலாம்.

கடித்துவிட்டால் புகாரெல்லாம் பிறகு. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். "எங்கள் நாய்க்கு ஊசி போட்டிருக்கிறோம், உங்கள் பிள்ளைக்குத் தேவையில்லை" என்ற பேச்சைக் காதில் வாங்காதீர்கள். தோல் கிழிந்து இரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, உடனடிப் பாதுகாப்பு தரும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். எல்லா ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அது இருக்காது. பெரிய மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அதில் வெறுமனே "நாய்க்கடி" என்று எழுதினால் தெருநாய் என்றே பிறகு வாதிடுவார்கள். "இன்னாரின் வளர்ப்பு நாய், இன்ன பூங்காவில்" என்று எழுதப்பட்டிருக்கிறதா என அங்கேயே படித்துப் பாருங்கள். பக்கத்து கிளினிக்கில் சீட்டு இல்லாமல் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்குக் கடைசியில் காட்ட எதுவுமே இருப்பதில்லை.

இந்த நேரத்தில்தான் சமரசம் பேச ஆள் வரும். ஒரு தாய், மகனின் கன்னத்தில் தையல் ஈரம் காயும் முன்பே சிறு தொகை வாங்கிக்கொண்டு, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற தாளில் கையெழுத்திட்டார். தழும்பைச் சரிசெய்ய மருத்துவர் சொன்ன செலவு அந்தத் தொகையைப் போல் பல மடங்கு. சிகிச்சை முழுவதும் முடியாமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள்.

"ஒரு பல் தடத்துக்கு 10,000 ரூபாய்" என்ற வாட்ஸ்அப் செய்தியையும் நம்பி இருக்காதீர்கள். அது 2023இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றம் சாலைகளில் திரியும் விலங்குகள் தொடர்பாகச் சொன்னது. வளர்ப்பு நாய் என்றால் இழப்பீட்டை அதை வளர்ப்பவரிடம்தான் சிவில் வழக்கு மூலம் கேட்க வேண்டும். வழக்கறிஞர் செலவுக்குப் பயந்து பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. சட்ட உதவி எண்ணான 15100க்கு அழைக்கலாம், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போகலாம். விண்ணப்பத்தைக் குழந்தையின் பெயரிலோ தாயின் பெயரிலோ கொடுங்கள். தந்தை பெயரில் கொடுத்தால் வருமானச் சான்று கேட்டுத் திருப்பி அனுப்பக்கூடும்.

அடுக்குமாடிக் குடியிருப்புக்குள் இருக்கும் விளையாட்டுத் திடல் என்றால் மாநகராட்சி "தனியார் இடம்" என்று கைவிரிக்கும். 291க்கு அந்த வேறுபாடு கிடையாது. காவல் நிலையத்துக்கே போங்கள். சங்கத்தில் கோபத்தோடு "இனி யாரும் நாய் வளர்க்கக் கூடாது" என்று தீர்மானம் போட்டுவிடாதீர்கள். விலங்கு நல வாரிய வழிகாட்டுதல்களைக் காட்டி அதை உடைத்துவிடுவார்கள். நியாயம் கேட்கப் போன நீங்கள் எதிர்மனுதாரர் ஆவீர்கள். விளையாட்டுத் திடலில் நாய் சங்கிலியில் இருக்க வேண்டும் என்ற அளவோடு தீர்மானத்தை நிறுத்திக்கொள்ளுங்கள். நாயை அடிப்பதும் விஷம் வைப்பதும் கூடவே கூடாது. விலங்கைக் கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனமாக்கினாலோ அதே சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. அவிழ்த்துவிட்டவருக்கு உள்ள தண்டனையைப் போல் பத்து மடங்கு.