பிராசஸைப் பிரித்தால் மெமரி தீர்ந்துவிடுமா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "தென்னை ஓலைப் படங்களில் வாடல் நோய் அறிகுறி தேடும் நிரல் ஒன்றைப் பைத்தானில் எழுதினேன் சார். நாலு கோர் உள்ள லேப்டாப்பில் நாலு த்ரெட் போட்டும் நேரம் குறையவில்லை. தனித்தனி பிராசஸாக மாற்றினால் மெமரி நாலு மடங்கு ஆகிவிடுமா?"

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி வரை அந்த நோய் தோப்புகளை வாட்டும் நேரத்தில் இது நல்ல முயற்சி.

பிராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், த்ரெட் என்பது அதற்குள் ஓடும் ஒரு வேலை இழை. ஒரே பிராசஸில் ஓடும் த்ரெட்டுகளுக்கு மெமரி பொது, பிராசஸ்களுக்குத் தனித்தனி. வழக்கமான பைத்தானில் ஜிஐஎல் என்று ஒரு பூட்டு உண்டு. அது இருக்கும்வரை ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்தான் பைத்தான் கட்டளைகளை ஓட்ட முடியும். நெட்வொர்க்கில் பதிலுக்குக் காத்திருக்கும்போது த்ரெட் பூட்டை விட்டுவிடும் என்பதால், அந்த மாதிரி வேலைக்கு த்ரெட்டே போதும். இவரோ பிக்சல் பிக்சலாக லூப் ஓட்டுகிறார். ஒவ்வொரு பிராசஸுக்கும் பூட்டு தனி என்பதால் இதற்குப் பிராசஸ்தான் சரி.

அப்புறம் அந்த நாலு மடங்கு பயம். லினக்ஸில் ஃபோர்க் என்று கூப்பிட்டதும் பிராசஸ் இரண்டாகிறது. ஆரம்பகால யூனிக்ஸ் முழு மெமரியையும் அப்போதே நகலெடுத்தது. இன்றைய கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி, அப்படிச் செய்வதில்லை. மெமரி 4,096 பைட் பக்கங்களாகப் பிரிந்திருக்கிறது. எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையை மட்டும் நகலெடுக்கிறது. 1 ஜிபி தரவுக்கு 2,62,144 பக்கங்கள், பக்கத்துக்கு 8 பைட் குறிப்பு. ஆக வெறும் 2 எம்பி! கூடவே எல்லாப் பக்கங்களுக்கும் 'படிக்க மட்டும்' என்று முத்திரை குத்திவிடுகிறது. இரண்டு பிராசஸும் அதே பக்கங்களைப் படித்துக்கொண்டிருக்கும். ஏதாவது ஒன்று எழுதப் போனால் பிராசசர் உடனே தடுத்துக் கெர்னலை எழுப்பும். கெர்னல் அந்த ஒரு பக்கத்தை மட்டும் நகலெடுத்து, எழுத அனுமதி கொடுத்து, நின்ற கட்டளையையே மறுபடி ஓட்டவிடும். நடுவில் இவ்வளவு நடந்தது நிரலுக்குத் தெரியவே தெரியாது. எத்தனை முறை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது. ஏ.ஐ. என்றதும் ஓடிவரும் ஆய்வு நிதி, அதைத் தாங்கும் இயங்குதள ஆய்வுக்கும் வர வேண்டும் என்பது என் ஆதங்கம்.

ஆனால் பைத்தானில் ஒரு சிக்கல். ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்ற எண்ணிக்கையைத் தன்னுடனேயே வைத்திருக்கிறது. லிஸ்டிலிருந்து ஒரு பொருளை எடுத்துப் படித்தாலே அந்த எண் மாறும். அதாவது அந்தப் பக்கத்தில் எழுதியதாகிவிடும், உடனே நகல்! எதையும் மாற்றாமலே மெமரி ஏறிக்கொண்டே போகும். படங்களை லிஸ்டுக்குள் லிஸ்டாக அடுக்காமல், நம்பை (NumPy) என்ற பைத்தான் நூலகத்தின் அரேயாக வையுங்கள். பிக்சல்கள் வெறும் எண்களாக ஒரே தொகுதியில் கிடக்கும், எண்ணிக்கை அரேக்கு மட்டும்தான். எழுதாமல் படிக்க மட்டும் செய்யும்வரை அந்தப் பக்கங்கள் பொதுவாகவே இருக்கும்.

விண்டோஸில் ஃபோர்க் கிடையாது. பைத்தான் 3.14-இலிருந்து லினக்ஸிலும், பிராசஸ்களை உருவாக்கித் தரும் மல்டிபிராசசிங் நூலகம் தானாக ஃபோர்க்கை எடுப்பதில்லை. த்ரெட் ஓடும்போது ஃபோர்க் செய்தால் நிரல் பூட்டிக்கொண்டு நின்றுவிடலாம் என்பதே காரணம். எனவே லினக்ஸில் ஓட்டுவதானால், பழைய த்ரெட் வரிகளை நீக்கிவிட்டு, ஃபோர்க் வேண்டுமென்று நிரலில் நீங்களே குறிப்பிடுங்கள்.