கூரை போன சர்ச்சுல கல்லு ஏன் இன்னும் விழுது?

ஒரு தம்பி போட்டோ அனுப்பி கேட்டிருந்தாரு, "அண்ணே, இந்த சர்ச்சு எரிஞ்சது 1997ல, தீ அணைஞ்சு இத்தனை வருஷம் ஆச்சு, இப்பவும் ஏன் கல்லு பேந்து விழுந்துட்டே இருக்கு?"ன்னு.

போட்டோல இருக்கிறது அமெரிக்கால இண்டியானா மாநிலம், கேரி ஊர்ல இருக்கிற சிட்டி மெத்தடிஸ்ட் சர்ச். மைக்கேல் ஜாக்சன் பொறந்த ஊரு. 1906ல அந்த ஊரையே உருவாக்குனது யு.எஸ். ஸ்டீல் கம்பெனிதான், சர்ச்சுக்கும் கிட்டத்தட்ட பாதி காசு அவங்களோடது, 1926ல திறந்தாங்க. இங்கிலீஷ் கோதிக் ஸ்டைல், கூம்புன வளைவுகள், இண்டியானா சுண்ணாம்புக்கல், கூடவே ஒரு தியேட்டர் ஹால் வேற. 1950கள்ல 3,000 பேர் இருந்த சபை, ஊர்ல வேலையும் ஜனமும் குறையக் குறைய தேஞ்சு 1975ல மூடிட்டாங்க. அப்புறம் தீ. இப்ப உள்ள மரமே வளந்து நிக்குது.

கூரைன்னா நம்ம தலை நனையாம இருக்கத்தான்னு நினைக்கிறோம்ல, அது சுவரோட தலைக்கும் சேர்த்துதான். சுண்ணாம்புக்கல்லு உள்ள பூரா குட்டிக் குட்டி துளை. பக்கவாட்டுல மழை அடிச்சா மேலாக நனைஞ்சு காஞ்சிரும், ஆனா உச்சி திறந்து கிடந்தா தண்ணி மேலேர்ந்து நேரா நடு வயித்துக்கே இறங்கிரும், அங்க போனது லேசுல காயாது.

அப்புறம் குளிர்காலம். தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் பெருக்கும், ஃப்ரீசர்ல வச்ச பாட்டில் வெடிக்கிற மாதிரி கல்லும் வெடிக்கும், இதான் ஸ்கூல்ல படிச்சது. தப்புன்னு சொல்லல, ஆனா பாதிக்கதைதான். ஸ்டீபன் டேபர்னு ஒரு அமெரிக்க ஜியாலஜிஸ்ட், 1930 வாக்குல தண்ணிக்கு பதிலா பென்சீன்ங்கிற ரசாயன திரவத்தை மண்ணுல ஊறவச்சு உறைய வச்சாரு. பென்சீன் உறைஞ்சா சுருங்கும். ஆனா மண்ணு அப்பவும் வீங்கி மேல எழும்புச்சு! எனக்கு இந்த சோதனை மேல ஒரு தனி காதலே உண்டு, அவ்ளோ சிம்பிள்.

சுருங்குற சரக்கு எப்படிங்க மண்ணைத் தூக்கும்? மண்ணோ கல்லோ, விஷயம் ஒண்ணுதான்: தண்ணியையே எடுத்துக்குவோம், பூஜ்யம் டிகிரிக்குக் கீழ போனாலும் ஐஸுக்கும் கல்லுக்கும் நடுவுல சில நானோமீட்டர் தடிமனுக்கு ஒரு படலம் உறையாம தண்ணியாவே இருக்கும். அந்த சந்து வழியா ஐஸ் பக்கத்துத் துளைகள்ல இருக்கிற தண்ணியை இழுத்து தன்னோட சேர்த்துக்கிட்டே தடிக்கும், தடிக்கத் தடிக்க விரிசலை நெம்பும். ஒத்தையா வாடகைக்கு வந்தவரு ஒவ்வொரு சொந்தக்காரரா கூட்டிட்டு வந்து கடைசில வீட்டு ஓனரையே வெளிய தள்ளுற மாதிரி. ரொம்பக் கடுங்குளிர்னா படலம் மெலிஞ்சு தண்ணி நகர முடியாது, அதனால பூஜ்யத்துக்கு சில டிகிரி கீழ நிக்கிறதுதான் கல்லுக்கு மோசம். கேரி மிச்சிகன் ஏரிக்கரைல இருக்கு, ஒரே குளிர்காலத்துல பல தடவை உறையும், உருகும். ஒவ்வொரு உருகலுக்கும் விரிசல் முன்னைவிட கொஞ்சம் கூடக் குடிக்கும்.

ராத்திரி கேமராவோட உள்ள போய் "சத்தம் கேட்டுச்சு, பேய்"ன்னு வீடியோ போடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உடைஞ்ச கல்லை ஐஸே பசை மாதிரி பிடிச்சு வச்சிருக்கும், உருகுனதும் விட்டுரும், கல்லு விழும். பேயைத் தேடாம ஹெல்மெட்டைத் தேடுங்க.

2017ல நைட் ஃபவுண்டேஷன்ங்கிற அமெரிக்க அறக்கட்டளை இந்த இடிபாட்டைத் தோட்டமாக்குற திட்டத்துக்கு 1,60,000 டாலருக்கு மேல குடுத்தாங்க. என்னைக் கேட்டா அந்த மாதிரி காசு வந்தா பெஞ்சு, லைட்டுக்கு முன்னாடி சுவர் உச்சிக்குத்தான் போகணும். இங்கிலாந்துல பழைய இடிபாடுகள் மேல மண்ணு பரப்பி புல்லு வளக்குறாங்க, புல்லு மழையை உறிஞ்சிக்கும், கம்பளி மாதிரி கல்லை சட்டுனு உறையவும் விடாது. மரம் வேண்டாம், வேர் விரிசலுக்குள்ள போயிரும். வெறும் புல்லு போதும்.