பளபளப்புக்குக் கீழே திசை மாறிய இழைகள்

மதுரை கப்பலூர்ப் பக்கம் பைபர் பொருள்களின் (கண்ணாடி அல்லது கார்பன் இழை விரிப்புகளை மோல்டில் அடுக்கி, ரெசின் என்னும் பிசினால் நனைத்து, ரோலரால் உருட்டி இறுகவைப்பவை) தரத்தைச் சோதிக்கும் வேலையில் நான் அடிக்கடி காண்பது, வாங்குபவர் தடிமனை அளந்து, மேற்பரப்பின் பளபளப்பைத் தடவிப் பார்த்து, அதோடு நிறைவடைந்துவிடுவதைத்தான். உள்ளே இழைகள் எந்தத் திசையில் படுத்திருக்கின்றன என்று கேட்பவர் அரிது. ஆனால் பொருளின் வலிமையைப் பெரிதும் தீர்மானிப்பது அந்தத் திசையே.

சுங்குடித் துணியை நூல்வாக்கில் இழுத்தால் அது எளிதில் நீள்வதில்லை, மூலைவாக்கில் இழுத்தால் உடனே கோணுகிறது. நெய்த கண்ணாடியிழை விரிப்பும் இவ்வாறே கோணுவதால்தான் வளைந்த மோல்டில் படிகிறது. அதே கோணலால் இழைகள் வடிவமைப்பாளர் குறித்த திசையை விட்டு விலகுகின்றன, ஓர் எல்லைக்கு மேல் நூல்கள் நெருங்கிப் பூட்டிக்கொள்ள, மிஞ்சிய துணி சுருக்கமாக எழும்புகிறது. (இழைகள் எல்லாத் திசையிலும் சிதறிக் கிடக்கும் மேட் விரிப்புக்குத் திசை விலகல் பொருந்தாது, சுருக்கம் அதற்கும் உண்டு.)

ஒரே திசையில் இழை கொண்ட கார்பன்–எப்பாக்ஸித் தகட்டில் (எப்பாக்ஸி ஒருவகை ரெசின்) இழைகள் குறித்த திசையிலிருந்து 10 பாகை விலகினால், குறித்த திசையில் விறைப்பு (நீளாமல், வளையாமல் தாங்கும் தன்மை) ஏறத்தாழ 40 விழுக்காடு குறையும். கண்ணாடியிழையில் இழப்பு அதில் பாதி அளவே. அமுக்க விசையில் நிலைமை இன்னும் மோசம்: இழைவாக்கில் அமுக்கும்போது, ஒன்றிரண்டு பாகை சாய்வே இழைகள் மடிந்து முறியத் தொடங்கும் இடமாகிவிடும் என்பதைப் பொருளறிவியல் ஆய்வாளர் ஆர்கன் 1972இலேயே விளக்கினார்.

நம் ஊர்க் கோடையில் ரெசின் விரைவில் இறுகுவதால், ரோலரை அவசரமாக ஓட்டும் கை விரிப்பைத் தள்ளிவிடுகிறது. எழுந்த சுருக்கத்தை நீவி அமர்த்த நேரமும் கிடைப்பதில்லை. வெயில் ஏறுமுன் வேலையைத் தொடங்குவதும், ரெசினைச் சிறு அளவுகளாகக் கலப்பதும், மூலைகளில் விரிப்பை முன்கூட்டியே வெட்டி ஒன்றன்மேல் ஒன்று ஏறவிடுவதும், நடுவிலிருந்து ஓரம் நோக்கி உருட்டுவதும் கட்டாயம் பின்பற்ற வேண்டியவை. இறுகிய சுருக்கத்தைக் கிரைண்டரால் தேய்த்துச் சமப்படுத்துவதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். மேடு மறையும்போது, சுமை தாங்க வேண்டிய இழைகளும் அறுபடுகின்றன.

வாங்குபவர், பளபளப்பான வெளிப்புறத்தை விட்டு உட்புறத்தில் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, முக்கியமாக மூலைகளைப் பார்க்க வேண்டும். ஐயம் எழுந்தால், ஓரத்தில் வெட்டியெடுத்த கண்ணாடியிழைத் துண்டு ஒன்றை ஆய்வகச் சூளையில் சுமார் 565 டிகிரி செல்சியசில் எரிக்கச் சொல்லுங்கள். ரெசின் எரிந்துபோனபின் அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, அந்த இடத்து இழைகளின் கோணத்தைக் கோணமானி வைத்தே அளந்துவிடலாம்.