"என் குணமே இப்படித்தான் மேடம்"

மாலையில் கணவர் வண்டியை நிறுத்திவிட்டுக் கேட்டைத் திறக்கும் ஓசை கேட்டதும் வயிறு இறுகிக்கொள்கிறது என்று சொல்லிக்கொண்டு, மனநலச் சிகிச்சை அளிக்கும் என்னிடம் வரும் பெண்கள் உண்டு. கணவர் அடிப்பவர் அல்லர், குரலை உயர்த்துபவரும் அல்லர். பொறுமையாகக் கேட்டால், குடித்துவிட்டு வரும் அப்பாவின் காலடி ஓசையைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணித்துப் பழகிய ஒரு சிறுமி அங்கே இருப்பாள். (பலரிடம் கண்டவற்றைக் கலந்தே இங்கு எழுதுகிறேன்.) அதை அவர்கள் மனக்காயம் என்று சொல்வதில்லை, "என் குணமே இப்படித்தான் மேடம்" என்கிறார்கள்.

அது குணமன்று, அன்று உயிரைக் காத்த ஒரு பழக்கம். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆவது நோய் வகைப்பாடு, தப்ப வழியின்றி நீண்டகாலம் பட்ட துன்பத்திலிருந்து பெரும்பாலும் விளையும் சிக்கலான மனக்காய நோயைத் தனியாக வரையறுத்திருக்கிறது. பழைய நிகழ்வு இப்போதே நடப்பதுபோல் வருவது, அதை நினைவூட்டுவனவற்றைத் தவிர்ப்பது, ஓயாத எச்சரிக்கை ஆகியவற்றோடு, உணர்ச்சி கட்டுக்கடங்காமை, தான் மதிப்பற்றவர் என்ற ஆழ்ந்த எண்ணம், நெருக்கத்தைத் தக்கவைக்க இயலாமை ஆகியவையும் அதில் அடங்கும். காயமும் அடையாளமும் உறவும் பின்னிக் கிடக்கையில், ஒரே சிகிச்சை முறையைப் பிடித்துக்கொண்டிருக்க என்னால் முடிவதில்லை.

முதல் வாரங்களில் நான் கதையைக் கேட்பதில்லை. தூக்கத்தைச் சீராக்குவது, பாதம் தரையில் பதிவதை உணர்வது, மூச்சை நீளமாக வெளிவிடுவது ஆகியவைதான் அப்போதைய வேலை. முதலில் பாதுகாப்பு, பிறகே நினைவுகூர்ந்து துக்கிப்பது, அதன்பின் வாழ்வோடு மீண்டும் இணைவது என்று மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்த வரிசையை நான் பெரிதும் மதிக்கிறேன். நினைவுகளை அணுகும் கட்டத்தில் கண்களை இடவலமாக அசைத்தபடி நினைவை அணுகும் கண்ணசைவுச் சிகிச்சையையோ (EMDR), காயம் விதைத்த எண்ணங்களை ஆராய்ந்து மாற்றும் சிந்தனை சார்ந்த சிகிச்சையையோ அவரவர் தாங்குதிறனுக்கேற்பத் தேர்கிறோம்.

எனினும், மிகக் கடினமான பகுதி எங்கள் இருவருக்கும் இடையிலேயே நிகழ்கிறது. ஒருமுறை ஓர் அமர்வை நான் தள்ளிவைத்தபோது, "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?" என்று மன்னிப்புக் கேட்டு ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. என்மீது கோபம் வந்திருந்தால் சொல்லலாம், சொன்னாலும் நான் விலகிப் போகமாட்டேன் என்பதை அவர் நம்புவதற்குப் பல மாதங்கள் பிடித்தன. அதற்குப் பிறகே, கேட்டைத் தொடும்முன் "நான்தான்" என்று ஒரு குரல் கொடுக்கும்படி கணவரிடம் அவரால் கேட்க முடிந்தது.

"பழசையெல்லாம் மறந்துடும்மா" என்று வீட்டார் அன்போடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்பவருக்குத் தன் உடல் தன் பேச்சைக் கேட்கவில்லை என்ற குற்றவுணர்வே கூடுகிறது. யாரிடம் தொடங்குவது என்று தெரியாதவர்கள், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.