அடுத்த அலைக்கு நம் மாவட்ட மருத்துவமனையில் என்ன இருக்க வேண்டும்?

கொரோனா இரண்டாம் அலை தணிந்து வந்த நேரத்தில், 2021 ஜூலை 8 அன்று, அவசரகால சுகாதார நிதித் தொகுப்பின் இரண்டாம் கட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மொத்தம் 23,123 கோடி ரூபாய். அதில் மத்திய அரசின் பங்கு 15,000 கோடி, மீதி மாநிலங்களுடையது. வங்கிக் கணக்கில் வந்து விழும் பணம் அல்ல இது; மனுப் போட்டு வாங்கவும் முடியாது. கடலூர்க்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் சேர வேண்டிய பங்கு கட்டிலாக, ஆக்சிஜன் குழாயாக, ஆம்புலன்ஸாக வர வேண்டியது.

மாவட்டம்தோறும் குழந்தைகள் சிகிச்சைப் பிரிவு, நாடெங்கும் கூடுதலாக 20,000 தீவிர சிகிச்சைப் படுக்கைகள், மாவட்டத்துக்கு ஒரு கோடி ரூபாய் மருந்து இருப்பு, மாவட்டத்துக்கு ஒன்றாவது வரும்படி 1,050 திரவ ஆக்சிஜன் தொட்டிகள் என்று பட்டியல் நீளும்.

நான் முதலில் தேடுவது அந்தத் தொட்டியைத்தான். பெரிய சிலிண்டர் ஒன்றில் இருப்பது ஏறக்குறைய 7,000 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் கேட்கும் நோயாளிக்கு அது அரை நாள்கூட வராது. 60 லிட்டர் செலுத்தினால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி. திரவ ஆக்சிஜனோ ஒரு லிட்டர், 800 லிட்டருக்கு மேல் வாயுவாக விரியும். தொட்டியை ஒட்டி நிற்கும், திரவத்தை வாயுவாக்கும் உலோகத் தகடுகளில் சித்திரை வெயிலிலும் வெண்பனி படிந்திருந்தால், வார்டுக்கு ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆனால் டேங்கர் லாரி வர வேண்டும், வால்வு பார்க்க ஆள் வேண்டும். ஆள் விஷயத்தில்தான் இந்தத் தொகுப்பு சிக்கனம் பிடித்தது: பயிற்சி மருத்துவர்களையும் இறுதியாண்டு மருத்துவ, செவிலிய மாணவர்களையும் வைத்துச் சமாளிக்கச் சொன்னது. அதன் காலமும் 2022 மார்ச் 31 வரை என்றே வகுக்கப்பட்டது.

அது நடப்பில் இருக்கும்போதே நீண்டகாலத் திட்டம் ஒன்று 2021 அக்டோபரில் தொடங்கியது. ஐந்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள மாவட்டங்களுக்கு 50 முதல் 100 படுக்கைகள் கொண்ட தீவிர சிகிச்சைக் கட்டடம் என்பது அதில் ஒரு பகுதி. 2011 கணக்கெடுப்பின்படி கடலூரில் 26 லட்சம் பேர், புதுச்சேரி மாவட்டத்தில் ஒன்பதரை லட்சம். இரண்டுமே இந்த வரம்பைத் தாண்டியவை.

நோய் முற்றினால் கடலூர் மக்களின் நினைவு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை பக்கம்தான் போகும். எல்லையிலுள்ள முள்ளோடையைத் தாண்டியதும் அரசு மாறுகிறது, மருந்துக் கணக்கு மாறுகிறது; ஜிப்மரோ நேரடியாக மத்திய அரசின் நிறுவனம். நோயாளியின் உரிமை மட்டும் மாறுவதில்லை. ரயிலிலிருந்து விழுந்த கூலித் தொழிலாளி ஒருவரைப் படுக்கை இல்லை என்று கொல்கத்தா அரசு மருத்துவமனைகள் அடுத்தடுத்துத் திருப்பி அனுப்பிய வழக்கில், அவசர சிகிச்சை மறுப்பது அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவை மீறுவது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதி இல்லை என்ற சாக்கையும் ஏற்கவில்லை.

தொட்டி எத்தனை கிலோ லிட்டர், கடைசியாக எப்போது நிரப்பப்பட்டது, பராமரிப்பு யார் பொறுப்பு என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாரும் கேட்கலாம். கட்டணம் பத்து ரூபாய். கடலூரில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கும், புதுச்சேரியில் சுகாதாரத் துறை இயக்குநரகத்துக்கும் எழுதலாம். பதிலுக்கு 30 நாள் அவகாசம்; உயிர் சம்பந்தப்பட்ட கேள்வியாக இருந்தால் 48 மணி நேரம். அப்படியானால் அதை மனுவின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.