பனங்கற்கண்டு குரல் நாணைத் தொடாது

பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, அதிமதுரம். ராயபுரத்தில் என் கிளினிக்குக்கு வரும், சினிமாவுக்கும் வீடியோ கேமுக்கும் டப்பிங் பேசும் பெண்களின் கைப்பையில் இந்த டப்பா இல்லாமல் இருக்காது. போன வாரம் வந்தவரும் அதைத்தான் எடுத்துக் காட்டினார். மாதக்கணக்கில் குரல் கம்மி, மேல் ஸ்தாயி சுத்தமாகப் போன பிறகு! ஸ்கோப் (கேமரா வைத்த மெல்லிய குழாய்) விட்டுப் பார்த்தால் இரண்டு நாண்களிலும் எதிரெதிரே தடிப்பு. "தினமும் தேன்ல குழைச்சு சாப்பிடுறேனே டாக்டர்" என்கிறார்.

சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே விடுகிறேன். நீங்கள் விழுங்கும் எதுவும் குரல் நாணைத் தொடாது. நாண்கள் இருப்பது மூச்சுக்குழாயின் வாசலில். சோறோ தேனோ போவது அதற்குப் பின்னால் இருக்கும் உணவுக்குழாயில். விழுங்கும்போது குரல்வளை மேலேறி, மூடி கவிந்து, நாண்களும் இறுகச் சேர்ந்துகொள்ளும். தப்பித் தவறி ஒரு சொட்டு உள்ளே போனால் என்ன ஆகும்? புரையேறும். கண்ணில் தண்ணீர் வர இருமுவீர்கள். நீங்கள் சொல்லும் இதமெல்லாம் தொண்டைச் சுவரில்தான். எச்சில் ஊறும், கரகரப்பு அடங்கின மாதிரி தோன்றும், அந்த தைரியத்தில் இன்னும் நாலு டேக் கத்துவீர்கள். என் கோபமே அங்கேதான். மிளகு மேல் எனக்குப் பகையில்லை, ரசத்தில் போடுங்கள். தண்ணீர்கூட ரத்தத்தில் கலந்து சுற்றிக்கொண்டுதான் நாணுக்குப் போகிறது. ரெக்கார்டிங் பூத்துக்குள் நுழையும் முன் ஒரு பாட்டிலை மடமடவென்று காலி செய்வதில் பயனில்லை. காலையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள்.

சினிமாவில் கதாநாயகி எப்போதாவதுதான் அலறுவாள். கேம் வேலை அப்படியில்லை. அடி வாங்குவது, உயரத்திலிருந்து விழுவது, எரிவது, சாவது, அதிலும் பல விதமாகச் சாவது. பல நேரம் எதிரில் படம்கூட ஓடாது, வரிசையாக ரியாக்‌ஷன் கொடுத்துக்கொண்டே போக வேண்டும். பெண்களுக்குச் சாதாரணப் பேச்சிலேயே நாண்கள் வினாடிக்கு ஏறக்குறைய 200 தடவை மோதிக்கொள்கின்றன. அலறும்போது எண்ணிக்கையும் கூடும், அடியின் வேகமும் கூடும். அமெரிக்காவில் 2016-ல் வீடியோ கேம் குரல் நடிகர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கத்தும் வேலைக்கு ஓர் அமர்வு 2 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பதும் ஒரு கோரிக்கை. நம் ஊரில் இதைக் கேட்டால் 'திமிர் பிடித்தவள்' என்று பெயர் வந்துவிடுமாம். வரட்டும். வசனத்தை முதலில் முடித்துவிட்டு அலறலைக் கடைசியில் வைக்கச் சொல்வதற்குமா பயம்? விவரம் தெரிந்த சவுண்ட் இன்ஜினியர் மறுக்கமாட்டார்.

கத்திக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் போனால் நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். அங்கேயே நிறுத்துங்கள். மீதி ரெண்டு லைன்தானே என்று பேசாதீர்கள். கிசுகிசுக்கவும் வேண்டாம், பலர் அதற்கே தொண்டையை இறுக்குகிறார்கள். எழுதிக் காட்டுங்கள். ஆஸ்பிரின் மாதிரி மாத்திரையை நீங்களாக வாயில் போட்டுக்கொள்ளாதீர்கள், கசிவு கூடும்.

அப்புறம் இந்த ஊசி. "நாளைக்கு ரெக்கார்டிங், ஒண்ணு போட்டு அனுப்புங்க." ஸ்டீராய்டு வீக்கத்தை இறக்கும், குரல் திரும்பிவிட்டது போலவும் இருக்கும். அதை நம்பி மறுநாள் கத்தினால் புண்ணான நாணை இன்னும் கிழிப்பீர்கள். ஸ்கோப் பார்க்காமல் நான் போடமாட்டேன். கேட்டதும் போடுகிற இடத்தைத் தேடிப் போகிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

தடிப்பு என்றதும் ஆபரேஷன் என்று பயந்து ஓடாதீர்கள், ப்ளீஸ். இந்தத் தடிப்புக்கு முதல் சிகிச்சை குரல் பயிற்சிதான். பலருக்கு அதுவே போதும், ஆனால் வாரக்கணக்கில் பொறுமை வேண்டும். நள்ளிரவில் டப்பிங் முடிந்து வந்து, பரோட்டா சால்னாவைச் சாப்பிட்ட கையோடு படுப்பதையும் விடுங்கள். அமிலம் மேலேறித்தான் சிலருக்குக் காலையில் குரல் கட்டுகிறது.

குரல் கம்மல் 4 வாரம் தாண்டினால் காட்டிவிடுங்கள். காசில்லை என்று தள்ளிப்போட வேண்டாம், பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. காலையிலேயே போய் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குச் சீட்டு எடுங்கள். எங்கே போனாலும் குரல் நன்றாக இருந்தபோது பேசிய பதிவு ஒன்றை போனில் கொண்டுபோங்கள். உங்கள் பழைய குரலை டாக்டர் கேட்டதில்லை. "இவளுக்கு எப்பவுமே இப்படித்தான்" என்று கூட வந்தவர் சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.