வீட்டு ‘விநியோகம்’ குறைந்ததாம்!

‘கட்டட அனுமதிகள் சரிந்தன, வீட்டு விநியோகம் குறைந்து விலை உயரும்.’ சொத்துச் சந்தைச் செய்திகளில் இப்படியொரு வாக்கியம் ஓயாமல் வருகிறது. படிப்பவருக்கு என்ன தோன்றும்? யாரோ ஆளுக்கொரு வீடு கொடுத்துக்கொண்டிருந்தார்கள், இப்போது கையை மூடிக்கொண்டார்கள் என்றுதான். விநியோகம் என்பது இருப்பதைப் பங்கிட்டுக் கொடுப்பது. ரேஷன் அரிசிக்கு அது பொருந்தும். அடையாற்றில் ஒருவர் அடுக்ககம் கட்டிக் கோடிக்கணக்கில் விலை சொல்வதில் விநியோகம் எங்கே வந்தது?

இதன் ஆங்கில மூலம் ‘சப்ளை’. நிரப்புதல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வினையிலிருந்து பிறந்தது. இலங்கைப் பாடநூல்களின் ‘நிரம்பல்’ அந்த வேரை ஒட்டியது. நம் பாடநூல்கள் ‘அளிப்பு’ என்கின்றன. வகுப்பறைக்கு அது போதும்.

விநியோகம் வடசொல் என்று ஒதுக்குகிறவர்கள் அந்த இடத்தில் ‘வழங்கல்’ போடுகிறார்கள். தனித்தமிழ்தான், ஆனால் நோய் அதேதான். சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் வாரியத்தின் பெயரில் அந்தச் சொல்லுக்கு நியாயம் உண்டு. வாரியம் உண்மையிலேயே வழங்குகிறது. வீட்டுச் சந்தையில் வழங்குபவர் யார்? அதைவிடப் பெரிய சிக்கல், அனுமதியையும் ‘வழங்க’த்தான் செய்கிறார்கள். ‘அனுமதி வழங்கல் குறைந்ததால் வீடு வழங்கல் குறைந்தது’ என்று எழுதினால், அனுமதி தரும் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் வீடும் கொடுக்கிறது போலிருக்கிறது என்று நினைப்பவரைக் குறை சொல்ல முடியாது. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே சொல்லைப் போட்டுவிட்டு, பொருளாதாரம் புரியவில்லை என்று வாசகரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

கோயம்பேட்டில் கேளுங்கள். ‘தக்காளி வரத்து குறைவு’ என்பார்கள். ‘தக்காளி வழங்கல் குறைவு’ என்று சொல்லும் வியாபாரியை நான் பார்த்ததில்லை. சந்தைக்குப் புதிதாக வந்து சேர்வது வரத்து. ஏற்கெனவே இருப்பது இருப்பு. இவ்விரண்டையும் ஆங்கிலம் பல நேரம் ஒரே ‘சப்ளை’க்குள் அடைத்துவிடுகிறது. நாம் பிரித்தே சொல்லலாம்.

பிரித்தால் அனுமதிக்கும் விலைக்கும் உள்ள உறவு தெளியும். அனுமதி இருப்பு அல்ல, வரத்தும் அல்ல, வரத்துக்கான முன்னறிகுறி. சென்னையில் அடுக்ககம் கட்டத் திட்ட அனுமதி, கட்டட அனுமதி இரண்டும் வாங்கி, கட்டி முடித்து, நிறைவுச் சான்றும் பெற ஆண்டுகள் ஓடும். இன்றைய அனுமதிச் சரிவு நாளைய வரத்தில்தான் தெரியும். நகரின் மொத்த வீட்டு இருப்போடு ஒப்பிட்டால் ஓராண்டு வரத்து சிறு பங்குதான். எனவே அனுமதி கூடியதும் விலை இறங்காது. விலை ஏறுவதைப் பார்த்தே கட்டுநர்கள் அனுமதிக்கு ஓடுவதும் உண்டு. அப்போது அனுமதியும் விலையும் சேர்ந்தே ஏறும். தி.நகரில் பழைய அடுக்ககத்தை இடித்துப் புதிதாகக் கட்டினால் முதலில் இருப்பு குறையும், வரத்து பிறகுதான் வரும். தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் சாதாரணக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்ற அளவை, 1.5இலிருந்து 2 ஆக உயர்த்தின. அதே மனையில் கூடுதல் வீடு கட்டலாம் என்றதும் மனைக்காரரும் விலையை ஏற்றிக் கேட்பார். இவ்வளவையும் ‘விநியோகம்’ என்ற ஒரே சொல்லால் எப்படிச் சொல்வது?

வரத்து கொச்சை, காய்கறிச் சொல் என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். போக்குவரத்து என்று எழுதும்போது அவர்களுக்குக் கூச்சம் வருவதில்லை. ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாயைப் அரசுக் கோப்புகளிலேயே காணலாம். ‘வீட்டு வரத்து’ காதுக்குப் புதிது என்றால் ‘சந்தைக்கு வரும் புது வீடுகள்’ என்று விரித்து எழுதட்டும். இரண்டு சொல் கூடும், அவ்வளவே. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்த இரண்டு சொல்தான் பெரும்பாடாக இருக்கிறது.